ஸ்டாக் இல்லை

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் க்ளோசிங், அப்புறம் ஆடிட் என்று வழக்கமான சால்ஜாப்பைச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. இந்த விஷயத்தை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்கவே எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மெல்லக் கேட்டேன்.

"எம் பேரப் போடாத. ஊர்ப் பேரையும் போடாத. மத்தபடி எழுது, நாலு பொம்பளைக்கு உதவுனா சரி" என்றாள்.

ஆகவே மக்களே, ஊர்ப் பேர் கிடையாது. தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்த குடும்பம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு முன்கதை தெரியும். 2024 ஜூனில் புரமோஷன் கொடுத்து என்னை நாக்பூருக்கு மாற்றினார்கள். பையன் பிளஸ் டூ என்பதால் மனைவியும் அவனும் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். நான் இங்கே தனியாகச் சப்பாத்தியோடு மல்லுக்கட்டுவதைக் கேள்விப்பட்டு, 2025 ஜனவரியில் அம்மா ஒரு மூட்டை புழுங்கலரிசியோடு வந்து இறங்கினாள். வயது 68. அப்பா இல்லை. ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பிப்ரவரியில் முதல் தடவை நீர்க்கடுப்பு வந்தது. "உஷ்ணம்ல, இந்த ஊர் காத்து அப்படி" என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு வெந்தயம், சீரகத் தண்ணி, தொப்புளில் நல்லெண்ணெய் என்று எல்லாம் பார்த்தாள். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். சரியானது. ஏப்ரலில் மறுபடி. நாக்பூர் ஏப்ரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கூலரே சுடுகாற்றை விடும். ஆகவே அதுவும் உஷ்ணம் என்று ஆனது. ஜூனில் மழை வந்து ஊர் குளிர்ந்த பிறகு மூன்றாவது தடவை வந்தபோதுதான், உஷ்ணத்தின் மேல் பழி போட முடியாமல் போயிற்று. கிளினிக் டாக்டர் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு (ஈ.கோலை என்று போட்டிருந்தது), "லேடி டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் எனக்குச் சோதனை ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி கிடையாது. அந்த மகளிர் மருத்துவருக்கு மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். நடுவில் நான், பி.காம். சம்பந்தமில்லாத ஊர்களில் உட்கார்ந்து கஸ்டமர் பேசுவதை மொழிபெயர்த்துப் பழக்கம்தான் என்று தைரியமாக உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது மாதவிடாய் நின்றது என்று. அதை எப்படியோ "எம்மா, அது எப்ப நின்னுச்சுன்னு கேக்காங்க" என்று கேட்டுவிட்டேன். 2003-ல், நாற்பத்தாறு வயதில் என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்வி, யோனியில் எரிச்சல், வறட்சி உண்டா என்று. அந்த ஹிந்தி வார்த்தை தமிழிலும் அதேதான். எனக்கு அர்த்தமும் தெரியும், உச்சரிப்பும் தெரியும். அம்மா முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அந்த இடத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்த்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மணியை அடித்து யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் ஒரு மலையாள நர்ஸ். (இந்தியாவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஒரு சேச்சி இருப்பார் என்று நான் முன்பே எழுதியிருக்கிறேன். அதைக் கிண்டலாக எழுதியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) "சாரே, நீங்க வெளியில இருங்க" என்று கதவைச் சாத்தினார். இருபது நிமிஷம் ஆனது. கையில் டோக்கனை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த இருபது நிமிஷத்தில் அம்மா சொன்னதில், எனக்குச் சொல்லலாம் என்று அவள் அனுமதித்த அளவை நர்ஸ் பிறகு சொன்னார். எரிச்சலும் வறட்சியும் அரிப்பும் ஏழெட்டு வருஷமாக இருக்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் வலிக்கும். அவசரமாக வரும், அடக்க முடியாது. அதனால் வெளியே போகும் நாளில் முந்தின சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள்.

எனக்கு 2019-ல் மாமா பையன் கல்யாணத்துக்கு வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனது ஞாபகம் வந்தது. அம்மா வரவில்லை. முட்டுவலி என்றாள். நாங்களும் ஆளாளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

டாக்டர் விளக்கியது இதுதான். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அந்த இடத்துத் தோல் மெலிந்து, ஈரம் போய்விடுகிறது. முன்பு அங்கே லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியா (நம் தயிரில் இருப்பதற்குச் சொந்தக்காரர்) குடியிருந்து அமிலத்தன்மையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதற்குச் சாப்பாடு அந்தத் தோலில் இருக்கும் கிளைகோஜன். தோல் மெலிந்ததும் சாப்பாடு இல்லை, அது காலி செய்கிறது. அமிலம் குறைந்ததும் பக்கத்தில் இருக்கும் ஈ.கோலை சுலபமாகக் குடியேறி, அங்கிருந்து சிறுநீர்ப் பாதைக்குள் போகிறது. இந்தச் சிக்கல் மொத்தத்துக்கும் 2014-ல் மருத்துவ சங்கங்கள் புதுப் பெயர் வைத்தன, ஜிஎஸ்எம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். உடம்பு சூடு தணிவது போல் இது தானாகத் தணியாது. ஆன்டிபயாட்டிக் அந்தந்தத் தடவை கிருமியைக் கொல்லும், வீட்டைப் பூட்டாது.

பூட்டு என்று அவர் எழுதிக் கொடுத்தது எஸ்ட்ரியால் கிரீம். ஈஸ்ட்ரோஜனில் பலம் குறைந்த வகை. ஒரு தடவைக்கு அரை கிராம் கிரீம், அதில் மருந்து அரை மில்லிகிராம். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வாரம் இரண்டு நாள். அதற்கு முன் மேமோகிராம் எடுத்ததுண்டா என்றார். அம்மா வாழ்க்கையில் எடுத்ததில்லை. எடுத்தோம், கோளாறு ஏதுமில்லை. சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, மார்பகப் புற்றுநோய் வந்ததையும் அம்மா சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் டாக்டர் எழுதினார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி நான் செய்த காரியம்.

கிரீமை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டப்பாவுக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸைப் படித்துச் சம்பளம் வாங்கும் ஆள் நான், விடுவேனா? லென்ஸ் வைத்துப் படித்தேன். மார்பகப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம். எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை.

சித்தி 2011-ல் போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்த வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. தாளை மடித்து டப்பாவுக்குள் வைத்தேன். டப்பாவை ஆபீஸ் பைக்குள் வைத்தேன். மறுநாள் பிராஞ்சில் என் மேஜையின் கீழ் டிராயரில் போட்டுப் பூட்டினேன். அம்மாவிடம், "கடையில ஸ்டாக் இல்லியாம்மா, வந்ததும் சொல்லுதேன்னான்" என்றேன்.

"சரிய்யா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் ஸ்டாக் இல்லை.

டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. போட்டால் அவர் "வையுங்கள்" என்பார், அப்போது பொறுப்பு என் தலையில் வரும் என்று நினைத்தேனோ என்னமோ. லோன் ஃபைலில் "மேலதிக விவரம் தேவை" என்று எழுதி அப்படியே கிடப்பில் போடுகிற புத்தி.

2025 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் இல்லை, கட்டில் ஆடுகிற மாதிரி குளிர் நடுக்கம். முதுகில் ஒரு பக்கம் தொட முடியாத வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. ஐந்து நாள் படுக்கை, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். மனைவி சென்னையிலிருந்து விமானத்தில் வந்தாள்.

மூன்றாம் நாள் அதே லேடி டாக்டர் பார்க்க வந்தார். கூடவே அதே சேச்சி. கிரீம் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். "கடையில கெடைக்கலயாம்மா, எம் புள்ள எத்தன தடவ போயிட்டு வந்தான்" என்றாள் அம்மா, என்னை விட்டுக்கொடுக்காமல். சேச்சி அதை மொழிபெயர்த்தார். டாக்டர் என்னைப் பார்த்து, கீழே நம்ம பார்மசியிலேயே எப்போதும் இருக்குமே என்றார்.

என்ன செய்ய? ஒப்புக்கொண்டேன். ஹிந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தத் தாளைப் படித்துவிட்டு நிறுத்துகிறவர்களைத் தான் வாராவாரம் பார்ப்பதாகச் சொன்னார். அம்மாதான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். மனைவி காப்பி வாங்கப் போன பிறகு சொன்னாள்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கேட்டா பதில் சொல்லத் தெரியாதாலே? தங்கச்சிக்கு வந்தது எனக்குத் தெரியாதா? கடைசி மூணு மாசம் அவளக் குளிப்பாட்டுனது நாந்தான். எனக்குப் பயம் இருக்கா இல்லயான்னு நீ ஒரு வார்த்த கேட்டியா?"

பதில் இல்லை.

அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஜூலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்று ஒரு பெரிய ஆய்வு. அதில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்கள். சராசரி வயது 63. பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, தினமும், வாய் வழியாக. 2002 ஜூலையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிடாத 10,000 பேரில் வருஷத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய், சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. அந்த எட்டுப் பேர் சாதாரண விஷயமில்லை, நிறுத்தியது சரிதான். ஆனால் 2003-ல் அமெரிக்க எஃப்டிஏ அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி எல்லா ஈஸ்ட்ரோஜன் மருந்துகளுக்கும் ஒட்டிவிட்டது. மாத்திரைக்கும் அதே, உள்ளே வைக்கும் துளி கிரீமுக்கும் அதே.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நாங்கள் கவுன்ட்டரில் மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறோமே, சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்று ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் ஓடுமே, அது ஒரு நாள் பணம் போட்டு எடுக்கும் ஓவர்நைட் ஃபண்டுக்கும் உண்டு, தலைகீழாக ஆடும் ஸ்மால் கேப்புக்கும் உண்டு. வாக்கியம் ஒன்றுதான், அபாயம் ஒன்றல்ல என்று கஸ்டமருக்கு மூச்சு முட்ட விளக்குகிறவன் நான்.

அளவு என்ன என்று ஒரு கணக்குப் போட்டேன் (தொழில் புத்தி). அம்மாவுடையது எஸ்ட்ரியால், வேறு மூலக்கூறு, அதை மாத்திரையோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் எஸ்ட்ராடியாலில் 10 மைக்ரோகிராம் அளவில் உள்ளே வைக்கும் சின்ன மாத்திரை உண்டு. முதல் இரண்டு வாரம் தினமும் 14, பிறகு ஐம்பது வாரத்துக்கு வாரம் இரண்டு வீதம் 100. ஆக முதல் வருஷத்துக்கு 114 மாத்திரை, மொத்தம் 1.14 மில்லிகிராம். அதே எஸ்ட்ராடியாலை வாய் வழியாகச் சாப்பிடுகிறவர்களுக்குத் தினம் ஒரு மில்லிகிராம் மாத்திரை சாதாரணமாகக் கொடுப்பது. அவர்கள் கிட்டத்தட்ட ஒரே நாளில் சாப்பிடுவதை, இவர்கள் ஒரு வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். அதிலும் ரத்தத்தில் கலப்பது சொற்பம்.

அதே விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவில், மாத்திரை ஆய்வில் சேராமல் வெறுமனே கவனிக்கப்பட்ட பெண்களில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்து 2018-ல் ஒரு கட்டுரை வந்தது. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ பக்கவாதமோ ரத்தக்கட்டோ மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை. நன்மைப் பக்கம் இன்னும் பழையது. 1993-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த, மாதவிடாய் நின்ற 93 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு. எஸ்ட்ரியால் கிரீம் வைத்தவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 0.5 தடவை தொற்று. வெறும் கிரீம் வைத்தவர்களுக்கு 5.9 தடவை. திரும்பவும் படியுங்கள், அரை, கிட்டத்தட்ட ஆறு.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, சில்லறைக் கடன் வாங்குகிறவருக்கு கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவரத் தாளை அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதாது, விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். அம்மாவுக்கு அப்படி ஒன்று தமிழில் எழுதினேன், ஒரே பக்கம். என்ன மருந்து, எவ்வளவு, எதற்கு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தினால் பழையபடி திரும்பும். ஆரம்பத்தில் கொஞ்சம் எரியலாம், மார்பு கனக்கலாம். ரத்தம் பட்டால் ஒரு சொட்டானாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தங்கைக்குப் புற்றுநோய் வந்ததால் உனக்குக் கூடாது என்றில்லை. உனக்கே வந்திருந்தால்தான் புற்றுநோய் டாக்டரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். இதை எல்லாம் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்தாள். "பி-றப்-பு-றுப்-பு" என்று அந்த வார்த்தையையும் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். நான்தான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1993 என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"எனக்கு நிக்கதுக்குப் பத்து வருசம் முன்னாடியே தெரியுமா?"

"ஆமாம்மா."

"பொறவு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. படித்து முடித்துவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள். கிண்டல்தான் :) ஆனால் போட்டாள். மனைவி அந்தத் தாளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு 45. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வாரம் இரண்டு நாள் எது என்பதில் ஒரு சின்னச் சர்ச்சை. மறக்காமல் இருக்க எண்ணெய்க் குளியல் நாளான செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். வெள்ளிக்கிழமை விளக்கேத்துற நாள், அன்னைக்கு வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது தமிழ் மாதக் காலண்டரில் திங்கள், வியாழன் கட்டங்களில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். நான் கேட்பதில்லை, காலண்டரைப் பார்ப்பதோடு சரி.

2025 நவம்பரில் எஃப்டிஏ அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது. செய்தியைப் பார்த்ததும் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ஒனக்கு முன்னாடி அவன் திருந்திருப்பான்னு நெனச்சேன்" என்றாள்.

எல்லாம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. நடுவில் டிசம்பரில் ஒரு தடவை லேசாகக் கடுப்பு வந்தது, மூன்று நாள் மருந்தில் போய்விட்டது. எரிச்சல் முக்கால்வாசி குறைந்திருக்கிறது என்று சேச்சியிடம் சொல்லியிருக்கிறாள். (இப்போது இருவரும் வாட்ஸ்அப்பில் சிநேகம். வாய்ஸ் மெசேஜ்தான், இவள் தமிழ், அவர் மலையாளம். எனக்கு அனுமதியில்லை.)

2026 பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். திருக்குறள் எக்ஸ்பிரஸ், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாண்டும் பயணம். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வேவு பார்த்தேன். குடித்தாள். ரயிலில் ஜன்னலோரம் காலை மடக்கி உட்கார்ந்தாள். நாக்பூர் தாண்டி ஒரு மணி நேரத்தில் டீ வந்தது, வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கப்பை என்னிடம் நீட்டினாள்.

"ஏல, சீனி கம்மி. இன்னொண்ணு வாங்கு."